பெயர் சுமத்திய பழி

குற்றமற்ற பொருளையும் கூண்டிலேற்ற ஒரு பெயர் போதும்! மனிதருக்கு மட்டுமன்று, எண்ணுக்கும் நேர்ந்தது அக்கொடுமை. "கற்பனை எண்" என்கிறதே பாடநூல், அதன் வரலாறு அத்தகையது.

நாமறிந்த எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் குறையெண் கிடைப்பதில்லை. குறையெண்ணுக்கு வர்க்கமூலம் ஏது? 1545-இல் இத்தாலியின் கார்டானோ, 10-ஐ இரு கூறாக்கி, அவற்றின் பெருக்கம் 40 ஆக வேண்டுமெனக் கணக்கிட்டார். விடையிலே -15-இன் வர்க்கமூலம் வந்து நின்றது. நுட்பமானது, ஆயினும் பயனற்றது என்று ஒதுக்கினார்.

பயனற்றதா? ஓர் எண்ணின் கனம், அதன் 15 மடங்கோடு 4 சேர்ந்ததற்குச் சமம்; எண் யாது? விடை 4, சிறுவனும் சரிபார்க்கலாம். ஆனால் கார்டானோவின் நூல் தந்த சூத்திரத்தின் வழி சென்றால், -121-இன் வர்க்கமூலம் குறுக்கே நிற்கும்! 1572-இல் நூல் வெளியிட்ட பொம்பெல்லி அஞ்சவில்லை. அதற்கும் கூட்டல், பெருக்கல் விதிகளை வகுத்தார். புதிர்க்கூறுகள் ஒன்றையொன்று நீக்கின; 4 மிஞ்சிற்று.

பயன் தெரிந்தது, பழி தீர்ந்ததா? இல்லை. 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் "கற்பனை" என்று பெயர் சூட்டினார். ஐயத்திலே பிறந்த பெயர், ஐயம் அகன்ற பின்னும் அகலவில்லை.

1799-இல் வெளியான வெஸ்ஸலின் கட்டுரையும், 1806-இல் ஆர்கானின் நூலும் அவ்வெண்ணுக்குத் தளத்திலே இடங்காட்டின. வலப்புறம் +1, இடப்புறம் -1, செங்குத்தாக மேலே, -1-இன் மூலம். அதனால் ஒருமுறை பெருக்கினால் கால் சுற்று. இருமுறை பெருக்கினால் அரைச் சுற்று. இதிலே மாயம் எங்கே, மருட்சி எங்கே?

1831-இல் ஜெர்மானியப் பேரறிஞர் காஸ் உண்மையை உடைத்துரைத்தார்: இருள் எண்ணிலன்று, பெயரிலே, நேர், எதிர், பக்கவாட்டு அலகுகள் என்றழைத்திருந்தால் இக்குழப்பம் எழுந்திராது என்றார். 1893-இல் ஸ்டைன்மெட்ஸ், மாறுமின்னோட்டக் கணக்கை இவ்வெண்களால் எளிதாக்கிக் காட்டினார். 1926-இல் அணுவுலகை விளக்க வந்த ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலும் அதே எண்!

2-இன் வர்க்கமூலத்துக்கு ஆங்கிலம் இட்ட பெயருக்குப் பேச்சுவழக்கிலே பகுத்தறிவற்றது என்று பொருள். தமிழோ "விகிதமுறா எண்" என்றது. வசையில்லை, வரையறை மட்டுமே உண்டு. அங்கே பொருளைப் பெயர்த்தோம். "கற்பனை" என்னும்போதோ பழியையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டோம். அதனாலன்றோ, "இல்லாத எண்ணை ஏன் கற்கவேண்டும்?" என்று மாணவன் மலைக்கிறான்!

பெயர் எவரோ என்றோ இட்டது, தோழர்களே! அதைக் கொண்டு பொருளை அளக்கலாமா? பொருளை ஆராய்வோம், பெயர் பொருந்துமா என்பதைப் பிறகு முடிவு செய்வோம்.