பட்ஜெட்டில் பிறந்த டர்போ

தாம்பரத்தை ஒட்டிய சிட்லபாக்கத்தில் போர்ஷே தேடினால் கால்தான் வலிக்கும். ஆனால் ஏரியை ஒட்டிய தெருக்களிலும், சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போகும் குறுக்குச் சந்துகளிலும் கேட்டுக்குள் உறை போர்த்தி நிற்கும் குட்டிக் கார்கள் சிலவற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பின்கதவின் ஓரத்தில் ‘ஜிடி டிஎஸ்ஐ’ என்றோ, ‘ஜேடிபி’ என்றோ, ‘என் லைன்’ என்றோ பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வார நாட்களில் ஓஎம்ஆர் ஆபீசுக்குப் போய் வரும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டயரைத் தேய்த்துவிட்டு வரும். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இப்படி ஒரு டர்போ பெட்ரோல் வண்டி நிற்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு ஸ்விஸ் எஞ்சினியரும் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ஒரு நிதியமைச்சரும் இருக்கிறார்கள். இருவரும் யோசித்தது சிக்கனத்தை. வேகம் நடுவில் ஒட்டிக்கொண்டது.

எஞ்சினியரின் பெயர் ஆல்ஃபிரட் ப்யூக்கி. 1879-ல் விண்டர்தூர் நகரில் பிறந்தவர். எரிபொருளில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சூடாக வெளியே போய்விடுகிறதே என்பது அவருடைய கவலை. வடித்த கஞ்சியைக் கீழே கொட்ட மனசு வராமல் பருத்திச் சேலைக்குப் போட்டு எடுக்கிற பாட்டிக்கும் அவருக்கும் புத்தி ஒன்றுதான். வெளியே ஓடும் புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாய்ச்சினால் அது சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை மாட்டினால் அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் அதற்கேற்ப எரிபொருளும் அதிகம் எரியும். எஞ்சினைப் பெரிதாக்காமலே பலம் கூடும். 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

யோசனை காகிதத்தில் நன்றாக இருந்தது. அந்தச் சூட்டில், அந்தச் சுழற்சியில் உடையாமல் நிற்கும் உலோகமும் பேரிங்கும் அன்று இல்லை. இருபது வருடம் போராடி, பிரவுன் பொவேரி நிறுவனத்தின் உதவியோடு 1920-களின் நடுவில்தான் உருப்படியான டர்போவைச் செய்ய முடிந்தது. 1926-ல் ‘ப்ராய்சன்’, ‘ஹான்சஸ்டாட் டான்சிக்’ என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் 1,750 குதிரைசக்தியிலிருந்து 2,500-க்கு ஏறின. டர்போவின் முதல் பெரிய உத்தியோகம் கப்பலில்!

இதற்கு நடுவே அமெரிக்காவில் சான்ஃபர்ட் மாஸ் என்பவர் விமானத்துக்காக அதே பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே போகப் போகக் காற்று மெலியும். எஞ்சின் மூச்சு வாங்கும். 1918-ல் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கும் மேல் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய், தரையில் கிடைத்த சக்தி அங்கேயும் கிடைக்கிறது என்று காட்டினார். அடுத்து 1938-ல் ஸ்விஸ் கம்பெனியான சாவ்ரரின் லாரிகளுக்கு டர்போ வந்தது. கப்பல், விமானம், லாரி என்று எல்லாமே பாரம் சுமக்கிற ஜாதி.

காருக்கு வந்தது 1962-ல்தான், அதுவும் தடுமாறிக்கொண்டே. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற காரில் எரிபொருள் தப்பான நேரத்தில் வெடிக்கும் ‘நாக்’ வராமல் இருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கினவர்கள் அதை ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பலர் டர்போவையே கழற்றிப் போட்டுவிட்டு சாதாரண காராக ஓட்டினார்கள். 1973-ல் பிஎம்டபிள்யூ ‘2002 டர்போ’ என்ற தன் மாடலைக் காட்டிய சூட்டோடு பெட்ரோல் நெருக்கடி வந்து அதுவும் சீக்கிரமே முடிந்தது. 1977-ல் ரெனோ கம்பெனி டர்போ எஞ்சினோடு ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது, அடிக்கடி புகை விட்டு நின்ற அந்த மஞ்சள் காருக்கு ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள். இரண்டே வருடத்தில் அது பிரெஞ்சு கிராண்ட் பிரீயை ஜெயித்தது. சிரித்தவர்களும் டர்போ வாங்கப் போனார்கள்.

நம் பக்கம் கதை வேறு. இங்கே டர்போ என்ற சொல் லாரி, பஸ்ஸின் பின்பக்கத்தில்தான் முதலில் கண்ணில் பட்டது. 1982-ல் சென்னையில் டர்போ எனர்ஜி என்ற கம்பெனியே தொடங்கியாயிற்று. மாமல்லபுரம் போகும் வழியில் பையனூரில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. அதாவது தாம்பரத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில் டர்போ தயாராகிக்கொண்டிருந்தது, ஆனால் அது டீசலுக்கு. வீட்டு வாசலுக்கு டர்போ பரவலாக வந்தது ஸ்விஃப்ட் டீசலோடு, 2007-ல். ஃபியட்டிடம் உரிமம் வாங்கிச் செய்த அந்த 1,248 சிசி எஞ்சின் கொஞ்ச நேரம் சோம்பலாக இருந்துவிட்டு, சட்டென்று முதுகில் ஒரு தள்ளு தள்ளும். புறநகர்ப் பிள்ளைகள் பலருக்கு டர்போ ருசி பிடித்தது அப்பாவின் அந்த மைலேஜ் காரில்தான்.

இனி அந்த நிதியமைச்சரின் கதை. 2006 பிப்ரவரி கடைசியில் ப.சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சின்ன கார் என்றால் எது? நான்கு மீட்டர் நீளத்தைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். இந்த ஒரு கோட்டால் கம்பெனிகளின் வரைபட மேஜைகள் தலைகீழாயின. சில செடான் கார்களின் டிக்கியையே வெட்டினார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அந்த விகாரத்தைப் பல வருடம் ரோட்டில் பார்த்தோம். ஆனால் அதே கோடு ஒரு கேள்வியையும் எழுப்பியது: 1,200 சிசியைத் தாண்டாமல் ஒரு எஞ்சினுக்கு வீரியம் ஏற்றுவது எப்படி? ப்யூக்கியின் பதில் நூறு வருடமாக அலமாரியில் இருந்தது. ஐரோப்பாவில் புகைக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ வைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அது வரிக் கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தது. நீளம் 3,971 மில்லிமீட்டர், எஞ்சின் 1,197 சிசி. கோட்டை உரசிக்கொண்டு நிற்கும் இந்த இரண்டு எண்களையும் பார்த்தாலே கதை புரியும். 105 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி, விலை எட்டு லட்சத்தை ஒட்டி. கோட்டுக்கு வெளியே நின்றவர்களின் கதியையும் சொல்ல வேண்டும். 2015-ல் வந்த அபார்த் புன்டோ 1.4 லிட்டர், 145 பிஎஸ். ஓட்டிப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். ஆனால் விலை பத்து லட்சத்தை ஒட்டிப் போயிற்று, விற்றது கொஞ்சம்தான்.

எனக்கு இந்தக் குடும்பத்தில் பிடித்த பிள்ளை கோயம்புத்தூரில் பிறந்தது. ரேஸ் ஓட்டியவரான ஜெ.ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு கைகோத்து 2018-ல் டியாகோ ஜேடிபியைக் கொண்டுவந்தது. 1,199 சிசி, 114 பிஎஸ், விலை ஆறரை லட்சத்துக்குள். கரிவர்தன் ஃபார்முலா கார் கட்டிய, ரேஸ் வீரர் நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர் என்பதால் கோவைக்கு இது ஒன்றும் புதிதல்ல. உள்ளே பிளாஸ்டிக் சுமார்தான். ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் தெரிந்தவன் கைபட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் அதன் ஆயுள் முடிந்தது. இரண்டு வருடம் கூட முழுசாக விற்காத கார் என்பதால் இன்று செகண்ட் ஹேண்டில் நல்லது ஒன்று சிக்குவது அரிது. சிக்கினால் விடாதீர்கள் என்பேன். போலோவும் 2022-ல் விடைபெற்றது. 2021-ல் வந்த ஐ20 என் லைன், 998 சிசியில் 120 பிஎஸ், தயாராவது இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில். ரேஸ் டிராக் இருப்பதும் அதே ஊரில்தான்.

டிராக்குக்கும் பிறந்த கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. வருடா வருடம் ஊரே திரண்டு போய் வெயிலில் காய்ந்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு எல்லாம் அங்கே தம் கட்டி ஓடின. பிறகு கிளப் சொந்தமாக நிலம் வாங்கி 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் திறந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். சிட்லபாக்கத்துக்காரருக்கு வழி சுலபம்: ஜிஎஸ்டி ரோடு பிடித்து வண்டலூர், அங்கிருந்து வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டை, பிறகு பெங்களூர் நெடுஞ்சாலை. விடிவதற்குள் கிளம்பினால் தூக்கம் கலைவதற்குள் ஊர் வந்துவிடும்.

அங்கே போனால்தான் டர்போவின் பிறவிக் குணம் தெரியும். சின்ன டர்போவின் அச்சு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகும். புகையின் சூடு 900 டிகிரியைத் தொடும். அந்த அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. முழுவேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பட்டென்று சாவியைத் திருப்பினால் எண்ணெய் ஓட்டம் நிற்கும், தேங்கிய எண்ணெய் உள்ளேயே கருகும். அதனால் கடைசி ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி, வண்டியைக் கொஞ்சம் ஆறவிட்டு அணைக்க வேண்டும். சென்னை வெயிலில் இன்னொரு தொல்லை: இன்டர்கூலருக்குள் போகும் காற்றே சூடு. சூடான காற்றில் பிராணவாயு குறைவு. எஞ்சினின் கம்ப்யூட்டர் நாக் வராமல் இருக்கச் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்குப் பறந்த வண்டி பதினோரு மணிக்கு முனகும். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை, சித்திரை மாதம். பிரேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீதிக்குச் செய்த பேடும் பழைய பிரேக் ஆயிலும் நாலைந்து சுற்றில் கொதித்துப் போய், மிதிக்கும்போது கால் தரைவரை இறங்கும். எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதிச் சக்தியைக் கூட்டும் ரீமேப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் நல்ல பேடும் புது ஆயிலும் வாங்குவது புத்தி.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் இந்தப் பக்கத்துக்கென்றே ஒன்று இருக்கிறது: வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தாம்பரத்தைச் சுற்றி எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சிட்லபாக்கத்துக்கு அதைப் புதிதாகச் சொல்ல வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, அதாவது காலையில் முதல் ஸ்டார்ட்டில், நீலப் புகை வருகிறதா என்று பின்னால் ஒருவரை நிற்க வையுங்கள். இரட்டை கிளட்ச் பெட்டி என்றால் பல்லாவரத்திலிருந்து தாம்பரம்வரை மாலை நெரிசலில் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அந்தப் பெட்டியின் உலர் கிளட்ச்சுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை இல்லை. ரீமேப் செய்து, விற்பதற்காகத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த வண்டிகள் சந்தையில் உண்டு. சர்வீஸ் புத்தகம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஓரளவு பாதுகாப்பு. படிவம் 29, 30 கையெழுத்தாகி ஆர்சி உங்கள் பெயருக்கு மாறும்வரை டிராக் பக்கமே போகாதீர்கள்.

மாறிய பிறகும் ஒன்று செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற பத்தியைப் படியுங்கள். ரேஸ், வேகப் பரிசோதனை இரண்டும் அதில் விலக்கப்பட்டிருக்கும். டிராக்கில் சுவரில் இடித்தால் செலவு முழுவதும் உங்களுடையது. அதற்குத் தனியாகப் பணம் வைத்துக்கொண்டு போங்கள். ஈசிஆரில் நள்ளிரவில் அதே வேகத்தைப் பழகினால் அந்தப் பணமும் போதாது.