காலம் இடித்ததன்று!

ஓசூரை அடுத்த எங்கள் ஊர் தொரப்பள்ளி. கன்னட மக்கள் ‘ஹள்ளி’ என்பதைத்தான் நாம் இங்கே ‘பள்ளி’ என்கிறோம். ஊர் என்றே பொருள் கொள்கிறோம். பள்ளிக்கூடமும் பள்ளிதானே என்றான் ஒரு மாணவன். துறவியர் உறைவிடமும் பள்ளியே என்றோம். அப்படி ஒன்று எங்கே என்று கேட்டான். நாகப்பட்டினத்தில் இருந்தது! இன்று இல்லை.

கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் மாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அங்கே புத்த விகாரம் எடுத்தான். தஞ்சையிலே சிவனுக்குப் பெருங்கோயில் எழுப்பிய இராசராசன், 1006ஆம் ஆண்டையொட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்கு வழங்கினான். ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல்! பரந்த மனம் என்று புகழ்வோர் புகழட்டும். கடல் வாணிகக் கணக்கும் அதிலே கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். தந்தையின் ஆணையைச் செப்பேட்டிலே பொறிக்கச் செய்த இராசேந்திரனே, 1025இல் ஸ்ரீவிசயத்தின் மீது கலம் செலுத்தினான் அல்லவா? ஆயினும் பள்ளி பிழைத்தது. 1090இல் குலோத்துங்கன் அதன் உரிமையை மீண்டும் உறுதி செய்தான்.

இவற்றைக் கூறும் செப்பேடுகள் டச்சுக்காரர் வழியே லெய்டன் நகர் சேர்ந்தன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். வடமொழி ஏடுகள் ஐந்திலே, கதிரவனிலிருந்து தொடங்கும் குலப்பெருமை! தமிழ் ஏடுகள் பதினாறிலே நிலம், எல்லை, கலம், குறுணி! வரலாறு எந்தப் பக்கத்திலே இருக்கிறது என்பதைத் தோழர்கள் அறிவர்.

சரி, பள்ளி எங்கே போயிற்று? காலம் அழித்தது என்பார்கள், விதி என்பார்கள். 1846இல் வால்ட்டர் எலியட் கண்டபோது மூன்று நிலை கொண்ட செங்கற் கோபுரம் ஒன்று, சிதைந்த நிலையிலே எனினும், நின்றுகொண்டுதான் இருந்தது. அது சூளாமணி விகாரத்தைச் சேர்ந்ததென்றே அறிஞர் பலர் கொள்வர். கப்பலோட்டிகளுக்கு அது கரை காட்டும் அடையாளம். இயேசு சபையார் தம் கல்லூரிக்கு இடம் வேண்டினர், சென்னை அரசு இசைந்தது, 1867இல் இடித்தனர். கேட்டவரை மட்டும் குறைகூறிப் பயனென்ன? கொடுத்தவர் ஆட்சியாளர், வாய்மூடிப் பார்த்திருந்தவர் ஊரார். பெருங்கோயிலின் ஒரு கல் பெயர்ந்தால் ஊரே திரண்டிருக்கும். இதற்குச் சொந்தம் கொண்டாட அங்கே ஒரு பௌத்தனும் இல்லை!

மண் மட்டும் மறைக்கவில்லை. 1856 முதல் 1934 வரை அவ்வப்போது தோண்டியபோதெல்லாம் புத்தர் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன, ஏறத்தாழ 350. அவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் 1954இல் வெளியிட்டது. கோபுரம் நின்றபோது அதன் அடியைத் தோண்டி ஆராய்ந்திருந்தால் இன்னும் எவ்வளவோ அறிந்திருப்போம்.

“அப்போது சென்னையை ஆண்டவர் யார், ஐயா?” என்றான் மாணவன். ஆளுநர் நேப்பியர் என்றோம். “பாலத்துக்குப் பெயர் இருக்கிறதே, அவரா?” என்றான்.

அவரேதான்.