தமிழ்நாட்டில் கலைவழி ஆசிரியர் பயிற்சி

பாட்டு, ஓவியம், நாடகம், பொம்மலாட்டம், கைத்தொழில் ஆகியவற்றை ஆசிரியர்கள் தாங்களே செய்து பழகி, அவற்றைக் கொண்டு வகுப்பு நடத்தக் கற்றுக்கொள்ளும் பயிற்சி. இதில் இரு பிரிவினர் அடங்குவர். ஓவியம், இசை, தையல் போன்றவற்றையே பாடமாகச் சொல்லித்தருபவர்கள் ஒரு பிரிவினர். இவர்களைச் சிறப்பாசிரியர்கள் என்று பள்ளிக்கல்வித் துறை அழைக்கிறது. தமிழையும் கணக்கையும் கலையின் துணையோடு நடத்தும் வகுப்பாசிரியர்கள் மற்றொரு பிரிவினர். ஒரே பள்ளியில் வேலை பார்த்தாலும் இவ்விருவரையும் ஒரே பயிற்சி அறையில் உட்காரவைக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அந்தப் பிரிவினை 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது.

தொடக்கம்

சென்னையில் ஆசிரியம் பற்றிய முதல் பெரிய சோதனைக்கு மூலதனம் மணல்தான். எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்தின் ஆசிரியர்கள் அதைச் செய்ய முன்வராதபோது, மூத்த மாணவன் ஒருவனைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளுக்குச் சட்டாம்பிள்ளை புதியவனல்லன். ஆனால் பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. பெரியவன் சொல்லச் சிறியவன் ஒப்பிக்கும் முறையோடு மணலும் சேர்ந்தே கப்பலேறியது.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்; சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. 1856இல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி பிறந்தது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி; சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் எல்.டி. படித்த இடம். ஆறே ஆண்டு இடைவெளியில் ஒரே நகரத்தில் தோன்றிய இரண்டு நிறுவனங்கள். வரையக் கற்றவர் ஒன்றிலிருந்தும் கற்பிக்கக் கற்றவர் மற்றொன்றிலிருந்தும் வெளியே வந்தார்கள்.

அடையாற்றின் ஓலைக் கொட்டகைகள்

ஆசிரியரின் கைக்கு வேலை கொடுத்த பயிற்சி 1939 நவம்பரில் வந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பின்பேரில் மரியா மாண்டிசோரி மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்ல, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள்.

இந்தப் பயிற்சியின் உயிர் சொற்பொழிவில் இல்லை. மாண்டிசோரி முறையில் பயிற்சி பெறுபவர் ஒவ்வொரு கருவியையும் குழந்தையின் இடத்தில் உட்கார்ந்து தாமே கையாள வேண்டும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின் மீது இரண்டு விரல்களை வைத்து, எழுதும் திசையிலேயே மெல்ல நகர்த்த வேண்டும். ‘அ’வின் சுழியில் விரல் எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பது ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தவருக்கே அப்போதுதான் உறைக்கும். பிறகு அந்தக் கருவியைப் படமாக வரைந்து, அதை எப்படி எடுத்து வைப்பது, குழந்தையிடம் எத்தனை சொல் பேசுவது, எப்போது விலகிக்கொள்வது என்று தம் கைப்பட எழுதி ஆல்பமாகத் தொகுக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் சான்றிதழைவிட அந்த ஆல்பத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்; வகுப்பில் நாளும் கைகொடுப்பது அதுதான்.

சில மாதங்களுக்கு என்று வந்தவரைப் போர் நிறுத்திவைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையார் அடையாற்றை விட்டு நகர முடியவில்லை. அந்த ஆகஸ்டு 31ஆம் நாள் அவருக்கு 70 வயது நிறைந்தபோது, பிறந்தநாள் பரிசாக வைஸ்ராய் மகனை விடுவித்தார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து படித்த அங்குள்ள பள்ளியில்தான் செடி, பூச்சி, மண் ஆகியவற்றைக் கொண்ட இயற்கைப் பாடங்கள் விரிந்தன. 1944இல் கொழும்பிலும் பயிற்சி நடந்தது. 1949இல் இந்தியாவை விட்டுப் போகும் முன் அவர் இங்கே பயிற்றுவித்த ஆசிரியர்கள் 1,000 பேருக்கு மேல்.

விளைவில் ஒரு முரண் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்காக ரோமில் தொடங்கிய முறை, தமிழ்நாட்டில் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தங்கிவிட்டது. அரசுப் பள்ளிக்கு அது வேறு உருவில் வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆதாரக் கல்வியும் அதன் தேக்கமும்

மாண்டிசோரி வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1937 அக்டோபரில், வார்தா மாநாட்டில் காந்தி கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்திருந்தார். அதற்கான ஆசிரியர்களை உருவாக்கும் பணி சேவாகிராமத்தில் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம், அவர் மனைவி ஆஷாதேவியுடன். இருவரும் சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றியவர்கள். அங்கே படித்த ஓவியர் தேவிபிரசாத்தும் 1944இல் சேவாகிராமம் வந்து ஓவிய ஆசிரியரானார். நூற்பும் ஓவியமும் ஒரே வளாகத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகள் எழுந்தபோது தக்கிளி வந்த வேகத்தில் தூரிகை வரவில்லை.

1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். எதிர்ப்பு நியாயமானது, சாதித் தொழிலைப் பிள்ளையின் தலையில் மறுபடி ஏற்றும் ஏற்பாடு அது. ஆனால் ஆதாரக் கல்வியும் குலக்கல்வியும் மக்கள் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. பள்ளியில் கைத்தொழில் என்றாலே ஐயத்தோடு பார்க்கும் மனநிலை அதன்பின் நெடுநாள் நீடித்தது.

நாற்பத்திரண்டு நாட்கள்

சிறப்பாசிரியர்களின் பாதை வேறு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படிகள் உண்டு. ஊர்வழக்கில் ‘லோயர், ஹையர்’. ஓவியத்தில் கைவரையாகக் கோடிழுப்பது, எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவது, வடிவியல் வரைபடம் முதலியவை தேர்வுக்கு வரும். இதில் தேறியவர் கோடையில் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியில், அதாவது டி.டி.சி.யில், சேர்வார். காலம் 42 நாள். மே 1இல் தொடங்கினால் ஜூன் 11இல் முடிந்துவிடும்.

வகுப்பாசிரியர் இரண்டு ஆண்டு படித்துப் பெறுவதை ஓவிய ஆசிரியர் ஆறு வாரத்தில் பெற வேண்டும். பிள்ளைகளின் மனப்போக்கு, பாடத்திட்டம் எழுதுவது, வகுப்பை நடத்திக்காட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். கிராமத்துப் பிள்ளைகளும், கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்களும், குறிப்பாகத் தையல் கற்ற பெண்களும் ஆசிரியர் வேலைக்கு முயல வழி திறந்துவிட்டது இந்தச் சான்றிதழ்தான். அந்த வகையில் இது பெரிய கொடை. கலை என்றால் அச்சுப்பிசகாமல் பார்த்து வரைவது என்ற எண்ணத்தைத் தலைமுறைகளுக்கு ஊட்டியதும் இந்த ஏற்பாடுதான்.

வெளியிலிருந்து வந்த காற்று

1979இல் கமலாதேவி சட்டோபாத்யாய, கபிலா வாத்ஸ்யாயன் ஆகியோரின் முயற்சியில் டெல்லியில் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் தொடங்கியது. பல மாநில ஆசிரியர்களை ஒன்றாகத் தங்கவைத்துப் பொம்மை செய்யவும், பாடவும், பழைய கட்டடங்களைப் பார்த்து வரையவும் கற்றுக்கொடுத்தது. போய்வந்தவர்கள் ஒலிநாடாவும் படத் தொகுப்புமாகத் திரும்பினார்கள். ஒரு பள்ளியிலிருந்து ஒருவர் போய்வந்தால் அது மற்றவர்களுக்குப் பரவுவது அவருடைய ஆர்வத்தைப் பொறுத்தது.

இதைவிட ஆழமாகத் தமிழகத்தில் வேலை செய்தது அறிவொளி எழுத்தறிவு இயக்கம். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கலைப்பயணங்களும், 1990களின் எழுத்தறிவு முகாம்களும் ஆசிரியர்களைத் தெருநாடகத்துக்கு இழுத்துவந்தன. மேசைக்குப் பின்னால் நின்று பழகியவர் முச்சந்தியில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடித்தார். யாரும் அதைப் பணியிடைப் பயிற்சிக் கணக்கில் எழுதவில்லை. பின்னாளில் மாநிலப் பயிற்சிகளில் கருத்தாளர்களாக நின்று பாடியவர்களில் பலர் அந்த முச்சந்தியில் உருவானவர்கள்.

பாயில் உட்கார்ந்த ஆசிரியர்

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். அதன் சுற்றுவட்டக் கிராமப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளை அட்டைகளின் உதவியோடு கவனித்துவந்தார். போனவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. உட்கார்ந்து அட்டை தயாரித்தார்கள். பாடநூலை உடைத்துச் சிறுசிறு படிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் கொடுத்து, ஏணியாக அடுக்கினார்கள். செயல்வழிக் கற்றல் என்று பெயரிட்ட இம்முறை 2007–08இல் மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குச் சென்றது.

வகுப்பறையின் தோற்றமே மாறிற்று. சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகைக் கீற்று. ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. குழந்தை தன் அட்டையைத் தானே எடுத்துவர, ஆசிரியர் தரையில் அமர்ந்தார். தம் ஆசிரிய வாழ்க்கையில் நாற்காலியை விட்டு இறங்கிய முதல் நாள் அது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு.

சென்னையில் ஆசிரியர் தம் கையால் செய்த அட்டை, மாநிலமெங்கும் போனபோது அச்சடித்து வந்தது. பயிற்சியும் மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம் என்று படிப்படியாக இறங்கியது. மேலே பத்து நாள் செய்தது கீழே வரும்போது இரண்டு நாள் கேட்பதாகச் சுருங்கும். 2012இல் எளிமைப்படுத்தப்பட்ட வடிவம் வந்தது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல் பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றுக்கு வகுப்பறையில் தனித்தனிக் களம் ஒதுக்கியது. பயிற்சியில் காகிதப் பையால் பொம்மை செய்யும் ஆசிரியர்களை இன்று எந்த ஒன்றியத்திலும் பார்க்கலாம்.

அண்மை நிலை

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. 2017இல் வந்த தீக்‌ஷா இணையத் தளத்திலும், 2019இல் தொடங்கிய நிஷ்டா ஆசிரியர் பயிற்சித் திட்டத்திலும் கலையோடு இணைந்த கற்றல் பற்றிய பாடங்கள் உண்டு. கைபேசியில் காணொலியை ஓடவிட்டுச் சான்றிதழ் எடுப்பது எளிது. களிமண்ணைப் பிசைவது அதில் வராது.

2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திருவிழா நடந்துவருகிறது. மாணவர்களை அதற்குத் தயார் செய்பவர்களில் பலர் 2012இல் பகுதிநேரமாகப் பணியமர்ந்த ஓவிய, இசை, தையல் ஆசிரியர்கள். உடற்கல்வி, கணினி உட்பட அன்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் 16,549 பேர். பணி வாரத்துக்கு மூன்று அரை நாள், தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். 2024இல் அது 12,500 ரூபாய் ஆனது.