வல்கனைக் காத்த கைகள்

(இணையவழி இலக்கியக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூல்களைப் பற்றிப் பேசும் இந்த அரங்கில் இன்று ஒரு போர் விமானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைவிட, விமானப் படை கைகழுவிய பிறகும் அந்த விமானத்தைக் கைவிடாத மனிதர்களைப் பற்றி என்று சொல்வதே பொருத்தம்.

விமானத்தின் பெயர் அவ்ரோ வல்கன். முக்கோணச் சிறகும் நான்கு ஒலிம்பஸ் ஜெட் என்ஜின்களும் கொண்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். முதல் மாதிரி 1952 ஆகஸ்ட் 30 அன்று பறந்தது. இதன் வடிவமைப்புக்கு அடித்தளமிட்ட ராய் சாட்விக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டரை வடிவமைத்த அவர், 1947இல் வேறொரு விமானத்தின் சோதனைப் பறப்பில் இறந்துபோனார்.

வல்கன் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மழுப்பக் கூடாது. சோவியத் ஒன்றியத்தின் மீது அணுகுண்டு போடுவதற்காகத்தான் கட்டினார்கள். அணுவெடிப்பின் வெப்ப ஒளி பட்டுத் தெறித்துப் போகட்டும் என்று உடல் முழுக்க வெள்ளை அடித்தார்கள். உள்ளே ஐந்து பேர். ஆபத்து வந்தால் வெளியே எறியும் இருக்கை விமானிகள் இருவருக்கு மட்டுமே. பின்புறம் நோக்கி உட்கார்ந்திருந்த மற்ற மூவரும் கதவைத் திறந்து குதித்தாக வேண்டும். சோவியத் ஏவுகணை கிளம்பினால் நான்கு நிமிட முன்னறிவிப்புத்தான் கிடைக்கும் என்பது அன்றைய கணக்கு. அதற்குள் மேலெழ வேண்டும் என்பதற்காக, முறைவைத்து விமானத்துக்குப் பக்கத்திலேயே தூங்கினார்கள்.

1969இல் முதன்மை அணு ஆயுதப் பொறுப்பு நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் போனது. வல்கன் நிஜமாகவே குண்டு போட்டது 1982 ஃபாக்லாந்து போரில் மட்டும்தான். அசென்ஷன் தீவிலிருந்து எக்ஸ்.எம். 607 என்ற விமானத்தை மார்ட்டின் விதர்ஸ் ஓட்டிச் சென்றார். வழியில் அதற்கு எரிபொருள் சேர்ப்பிக்க 11 விக்டர் விமானங்கள் தேவைப்பட்டன. போய்வரக் கிட்டத்தட்ட 16 மணி நேரம். போட்ட குண்டுகள் 21. ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. இரண்டே ஆண்டுகளில், 1984இல், கடைசிப் படைப்பிரிவும் கலைக்கப்பட்டது.

பிறகு என்ன? பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போயின. கட்டப்பட்ட 136 வல்கன்களில் இன்று முழு உருவில் எஞ்சியவை இருபதுக்கும் குறைவு. எக்ஸ்.ஹெச். 558 கண்காட்சி விமானமாகச் சில ஆண்டுகள் பறந்தது. அந்தச் செலவும் கட்டுப்படியாகாது என்று அரசு சொல்லிவிட்டது. 1993 மார்ச் 23 அன்று, குண்டறைக் கதவுகளின் உட்புறத்தில் விடைபெறும் சொல்லை எழுதிக்கொண்டு, அது புரன்டிங்தார்ப் விமானத்தளத்தில் வந்து இறங்கியது. வாங்கியது ஒரு தனியார் குடும்பம்.

நமது கதை இங்கேதான் தொடங்குகிறது. விமானத்தைச் சும்மா நிறுத்திவைத்தால் அது கெட்டுப்போகும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். ஹைட்ராலிக் எண்ணெய் கசியும். ஒரே இடத்தில் நின்ற டயர் ஒரு பக்கம் தட்டையாகும். மழைநீர் இடுக்குகளில் தங்கி அலுமினியத்தை அரிக்கும். காற்று உள்வாங்கும் வாயில்களைப் பறவைகள் கூடாக்கிக்கொள்ளும். ஆகவே மூடுவது, துடைப்பது, மசகு போடுவது, அவ்வப்போது நகர்த்துவது, என்ஜினை இயக்கிப் பார்ப்பது என்று வேலைக்கு முடிவே இல்லை. உதிரிபாகம் செய்த தொழிற்சாலை மூடிக் காலமாகிவிட்டது. உடைக்கப்பட்ட வேறொரு வல்கனிலிருந்து கழற்றி வைத்ததுதான் கையிருப்பு. இங்கிலாந்தின் சவுத்எண்டில் எக்ஸ்.எல். 426, வெல்ஸ்போர்னில் எக்ஸ்.எம். 655 ஆகிய இரண்டையும் தொண்டர்கள் இப்படித்தான் உயிரோடு வைத்துக் காத்தார்கள். இவை பறப்பதில்லை; ஓடுபாதையில் வேகமாக ஓடி நின்றதுண்டு. அதிலும் ஆபத்து உண்டு. 2022 செப்டம்பரில் எக்ஸ்.எம். 655 ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் போய்விட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

எக்ஸ்.ஹெச். 558க்காக உழைத்தவர்களின் கனவு இன்னும் பெரியது: அது மறுபடி பறக்க வேண்டும். ராபர்ட் பிளெமிங் தலைமையில் ஓர் அறக்கட்டளை உருவானது. லாட்டரிப் பணத்திலிருந்து மரபுச் செல்வங்களுக்கு உதவும் நிதியம் 27 லட்சம் பவுண்டு கொடுத்தது, அதுவும் போதவில்லை. 2006இல் பணிக்குழுவையே வீட்டுக்கு அனுப்பும் நிலை. கடைசி நேரத்தில் ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் 5 லட்சம் பவுண்டு தந்தார். அவரோடு, சிறுசிறு தொகை அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்களும் சேர்ந்து, 2007 அக்டோபர் 18 அன்று அது மீண்டும் வானேறியது. ஃபாக்லாந்துக்குப் போய்வந்த அதே விதர்ஸ் பின்னர் இதன் தலைமை விமானியானார்.

2012இல் ஒரு விபத்து. ஈரத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே வைத்த சிலிக்கா ஜெல் பையை எடுக்காமலே இயக்கிவிட்டார்கள். ஒரு என்ஜின் அதை விழுங்கியது. சிதறிய துண்டுகளைப் பக்கத்து என்ஜினும் இழுத்துக்கொண்டது. இரண்டும் போயின. இனி யாரும் செய்யாத என்ஜின்கள் அவை. என்ஜினைக் காக்க வைத்த பையே அதற்கு எமனானது. எத்தனை அன்பிருந்தாலும், பொறுக்கும் பொருளா ஜெட் என்ஜின்?

2015இல் பறப்பு நின்றதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. இத்தகைய சிக்கலான விமானம் பறக்க, தொழில்நுட்பப் பொறுப்பேற்கும் நிறுவனங்களின் ஒப்புதல் வேண்டும். மூன்று நிறுவனங்கள் விலகிக்கொண்டன. விமானம் வேறெந்த வல்கனையும்விட அதிக நேரம் பறந்துவிட்டது. அதைத் தெரிந்த வல்லுநர்களும் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள். 2015 அக்டோபர் 28 கடைசிப் பறப்பு. தகட்டைப் புதிதாக அடித்துவிடலாம்; நாற்பது ஆண்டு அந்தத் தகட்டோடு பழகிய கையை எங்கே செய்வது?

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கொல்வதற்கென்றே கட்டிய ஒன்றை ஏன் காக்க வேண்டும்? இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஈழத்து நண்பர்களுக்கு ஜெட் இரைச்சல் வேடிக்கையல்ல. ‘கிபிர்’ என்ற ஒரு சொல் போதும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடிய நாள் நினைவுக்கு வரும். வல்கன் எழும்பும் ஓசைக்குக் கூட்டம் கைதட்டுகிறது என்றால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயமே.

என் பதில் இதுதான். ஓசையையும் அழகையும் மட்டும் காட்டினால் அது பாதுகாப்பு ஆகாது, விளம்பரம். ஆனால் அந்த மூன்று இருக்கைகளுக்கு முன் ஒரு பள்ளிப் பிள்ளையை நிறுத்தி, இவர்களுக்கு வெளியே எறியும் இருக்கை வைக்கவில்லை என்று சொல்லலாம். வெள்ளைப் பூச்சு எதற்கு என்று சொல்லலாம். நான்கு நிமிடத்தில் உலகம் முடியலாம் என்று நம்பிப் பெரியவர்கள் இதனருகே தூங்கினார்கள் என்று சொல்லலாம். உடைத்து விற்ற விமானத்தை வைத்து இதையெல்லாம் சொல்ல முடியாது. அன்று இதே விமானத்துக்குப் பணிவிடை செய்த தரைப்பணியாளர்கள் சிலர் இன்று தொண்டர்களாக நிற்கிறார்கள். இதைச் சொல்லும் தகுதி அவர்களுக்கே முதலில் உண்டு.

எக்ஸ்.ஹெச். 558 நின்ற டான்காஸ்டர் விமான நிலையமே 2022இல் மூடப்பட்டது. நிற்க இடமும், பார்க்க ஆளும், பேச வாயும் இருக்கும்வரைதான் இவை வரலாறு. அந்தப் பெரியவர்கள் கைமாற்றித் தர விரும்புவது ஒரு ஸ்பானரை மட்டுமல்ல. அதை வாங்கிக்கொள்ள ஓர் இளம் கை வர வேண்டும்.