குசினிச் சுவரில் தொங்கும் வெளிச்சத்தின் கதை



கொக்குவிலில் இப்போது பல வீட்டுக் குசினிகளில் தண்ணீர் பில்ரர் தொங்குகிறது. "யூவி லைட் இருக்கு, கிருமி எல்லாம் செத்துப்போகும்" என்று சொல்லி விற்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வெளிச்சம் எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று தெரிந்தால்தான் எங்கள் கிணற்றுக்கு அது எவ்வளவு உதவும் என்று விளங்கும்.

1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர், வெயில் பட்ட திரவத்தில் பக்டீரியா வளரவில்லை என்று கண்டார்கள். வெயிலில் உள்ள கழியூதாக் கதிருக்கு அதில் பெரிய பங்கு. பிறகு அந்தக் கதிரைத் தரும் இரச விளக்கு வந்தது. 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரை அதனால் சுத்திகரித்துப் பார்த்தார்கள். விளக்குகள் அடிக்கடி பழுதாகின, குளோரினோ மலிவு. வெளிச்சம் பல ஆண்டுகள் பின்தங்கிப் போனது.

எங்களுக்கு அருகிலேயே அடுத்த அத்தியாயம். 1992இல் சென்னையில் ஒரு புதிய வகை வாந்திபேதிக் கிருமி தலைகாட்டியது. 1993இல் அது வங்காளத்தில் பரவிப் பலரைக் கொன்றது. அந்தச் செய்தி இந்தியாவில் பிறந்து கலிபோர்னியாவில் வேலைசெய்த விஞ்ஞானி அசோக் காட்கிலை உலுக்கியது. கிராமத்துக்கு ஏற்ற, நிமிடத்துக்கு 15 லீற்றர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஒரு கருவியைச் செய்தார். அதில் விளக்கைத் தண்ணீருக்குள் வைக்காமல் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். ஏன்?

எங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே படிவு யூவி விளக்கின் கண்ணாடிக் குழாயிலும் படியும். விளக்கு எரியும், கதிர் தண்ணீரைச் சேராது.

நாங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: இந்தக் கதிர் கிருமியை வடிகட்டி எடுப்பதில்லை. அதன் நியூக்கிளிக்கமிலத்தைச் சிதைத்து, பெருக முடியாமல் செய்கிறது. எல்லாக் கிருமிக்கும் ஒரே அளவு போதாது. அமெரிக்கா 2006இல் வகுத்த விதியில், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியில் ஆயிரத்துக்கு 999ஐச் செயலிழக்கச் செய்ய சதுர சென்ரிமீற்றருக்கு 12 மில்லியூல் போதும். வைரசில் பத்தாயிரத்துக்கு 9,999ஐச் செயலிழக்கச் செய்ய 186 வேண்டும். அடினோ வைரஸ் அவ்வளவு பிடிவாதமானது. கலங்கிய தண்ணீரில் கிருமி நிழலில் ஒளிந்துகொள்ளும். கரண்ட் நின்றால் வெளிச்சமும் நிற்கும். குளோரினைப் போல இது தண்ணீரில் தங்கிக் காவல் நிற்காது. ஊத்தைக் குடத்தில் பிடித்தால் பழைய கதைதான்.

இன்னொன்று. தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்றை யூவி தொடவே மாட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது. சுன்னாகத்துக் கிணறுகளில் நாங்கள் கண்ட எண்ணெயும் அப்படித்தான்.

ஆகவே உறவுகளே, பில்ரர் வாங்கியவர்கள் கண்ணாடிக் குழாயைத் துடைப்பியுங்கள், விளக்கைக் காலத்துக்கு மாற்றுங்கள். கிருமிச் சந்தேகம் வந்தால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டார் பால்மா கரைக்க முன் கிணற்றுத் தண்ணீரின் நைத்திரேற்றைப் பரிசோதிப்பியுங்கள். பள்ளிவாசல் கிணறானாலும் கோயில் கிணறானாலும் வீட்டுக் கிணறானாலும் நிலத்துக்குக் கீழே எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் ஒன்றுதான்.