பெயரிழந்த நிலம்

1931ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு அப்பால் வடகடலில் மீன்பிடித்த ‘கொலிண்டா’ என்னும் படகின் வலையில் கரிய மண்கட்டியொன்று சிக்கியது. உடைத்தபோது மான்கொம்பில் செதுக்கிய முள்ளீட்டி முனையொன்று வெளிப்பட்டது. என்றோ ஒரு வேடனின் படகிலிருந்து தவறி விழுந்ததோ? தாவரவியலாளர் ஹாரி காட்வின் அக்கடலடி மண்ணின் மகரந்தத்தை ஆராய்ந்தார். அது நன்னீர்ச் சதுப்பில் விளைந்த மண். ஆகவே, ஈட்டி விழுந்தது தரையில்.

பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பிரித்தானியா அன்று தீவன்று. பனி உருக உருகக் கடல் தலைமுறைதோறும் உள்ளேறியது. ஏறத்தாழ 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வேக்கு அப்பால் நேர்ந்த ஸ்டோரெகா கடலடிச் சரிவு ஆழிப்பேரலையை எழுப்பியபோது, பெரும்பகுதி நிலம் ஏற்கெனவே மூழ்கியிருந்தது.

எண்ணெய் தேடியோர் திரட்டிய அதிர்வலைத் தரவுகளைக் கொண்டு, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் காஃப்னி குழுவினர் சுமார் 23,000 சதுர கிலோமீட்டர் பரப்பை வரைந்தனர். ஆறுகளும் ஏரிகளும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

இலக்கியம் பயில்வோராகிய நாம், ஊர்ப்பெயரையும் ஆற்றுப்பெயரையும் பற்றிக்கொண்டு மறைந்த நிலத்தைத் தேடிப் பழகியவர்கள். இங்கோ ஆறு கிடைத்துவிட்டது. அதன் கரையில் வாழ்ந்தோர் அதை அழைத்த பெயர் இல்லை. ‘டாக்கர்லாந்து’ என்பது 1998இல் பிரயோனி கோல்ஸ் அங்குள்ள கடல்திட்டை வைத்து இட்ட பெயரே. அத்திட்டின்மேல் இன்று காற்றாலைகள் எழுகின்றன. தூண்கள் இறங்குமுன் அடிமண்ணைத் துளைத்துப் பார்த்துவிட வேண்டும். அம்மக்கள் விட்டுச்சென்ற ஏடு அதுவொன்றே.