மின்சாரத்துக்கு முன்னும் பின்னும் மருந்து

புனேயில் எரவாடாவிலிருந்து விஷ்ராந்த்வாடி செல்லும் சாலையில் மகாராஷ்டிரத்தின் நான்கு மண்டல மனநல மருத்துவமனைகளுள் ஒன்று உள்ளது. மின்வலிப்புச் சிகிச்சை குறித்து இந்தியாவில் எழுந்த முக்கிய விவாதமொன்றும் இந்நகரோடு தொடர்புடையது. மயக்கமருந்து இன்றி அச்சிகிச்சையை அளிப்பது அறத்துக்குப் புறம்பானது எனப் பாபு அறக்கட்டளையின் பார்கவி தாவரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் எழுதினர். மயக்கவியல் மருத்துவரே கிடைக்காத இடங்களில் பயன்தரும் சிகிச்சையை மறுப்பது மட்டும் அறமாகுமா என்பது மருத்துவர் சிலரின் வாதம். எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று அது. எனினும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், தசைத்தளர்த்தியும் மயக்கமருந்தும் இல்லாத மின்வலிப்புச் சிகிச்சையைத் தடைசெய்தது.

வழக்கில் உள்ள 'ஷாக்' என்னும் சொல் இம்மாற்றத்தை அறியாது. குணமளிப்பது அதிர்ச்சி அன்று, மூளையில் எழும் வலிப்பு. தளர்த்தப்பட்ட உடலில் அது வெளியே தெரிவதுகூட அரிது. சொல் மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறது. கேட்டவுடன் குடும்பங்கள் பின்வாங்குகின்றன.

தீவிர மனச்சோர்வைப் பொறுத்தவரை, மின்சாரமும் மருந்தும் நெடுங்காலம் போட்டியாளர்களாகவே பார்க்கப்பட்டன. 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் மின்சாரத்தால் வலிப்பைத் தூண்டினர். 1950களில் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் இமிப்ரமினின் பயனைக் கண்டார். பெங்களூரு நிம்ஹான்ஸில் கங்காதர், கபூர், கல்யாணசுந்தரம் ஆகியோர் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதே: ஒரு குழுவுக்கு உண்மையான மின்சிகிச்சையுடன் மருந்துப்போலி, மறு குழுவுக்குப் பாவனை மின்சிகிச்சையுடன் இமிப்ரமின். இரு குழுவினரும் தேறினர்.

தேறியவர் எத்தனை நாள் தேறியவராக இருப்பார் என்பது வேறு கேள்வி. அதற்கு 2001இல் அமெரிக்காவில் சாக்கைமும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. மின்சிகிச்சையால் நலமடைந்தவர்களை 24 வாரம் தொடர்ந்தபோது, மருந்துப்போலி மட்டும் பெற்றோருள் 84 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் பெற்றோருள் அது 60; அதனுடன் லித்தியமும் பெற்றோருள் 39. மின்சாரம் மீட்டதை மருந்தே காத்தது, அதுவும் முழுமையாக அன்று.

ஆகவே மருந்துக்கு இங்கு இரண்டு இடங்கள்: மின்சாரத்துக்கு முன் மயக்கமருந்து, பின் நோய்த்தடுப்பு மருந்து. முன்னதைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. பின்னதோ, லித்தியத்தின் அளவை அறிய இரத்தப் பரிசோதனைக்கு நோயாளி மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வர இயல்வதைப் பொறுத்தது.